கட்-ஆஃப் எவ்வளவு? காரைக்குடி, மதுரை, கோவை

ஜூலை 15, செவ்வாய் – காரைக்குடி

பயணம் என்று சொன்னாலும் சுற்றுலா இல்லை. அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் (கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கை 200-க்குச் சுருக்கியது) 176, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இரண்டாம் சுற்று. முதல் சுற்று நேற்றுத்தான் தொடங்கியது, எங்களுக்கு மாசக் கடைசியில் வரும், அதற்குள் பட்டியலில் போடப்போகிற கல்லூரிகளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்பது அக்காவின் யோசனை. அத்தானுக்குக் கடையை விட்டு நகர முடியாது. பொறுப்பு தாய்மாமன் தலையில் விழுந்தது.

2018-க்கு முன்னால் என்றால் சர்டிபிகேட் பையோடு கிண்டிக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் காலியிடம் குறைவதைப் பார்த்தபடியே சில நிமிடத்தில் முடிவு சொல்ல வேண்டும். இப்போது எல்லாம் ஆன்லைன். வீட்டிலேயே உட்கார்ந்து வரிசைப்படுத்தலாம், அதனால் சண்டையும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பாப்பாவுக்கு (வீட்டில் அவள் பெயர் அதுதான், பதினேழு வயசானாலும்) ட்ரிபிள் இ, அதாவது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் வேண்டும். அத்தானுக்கு எந்த ஊர் எந்தக் கல்லூரி என்றாலும் பரவாயில்லை, சி.எஸ்., அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். அக்காவுக்கு ஹாஸ்டல் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி, திருமயம் தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. டிரைவர் அதைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு வேறு வண்டி வரும் என்று சொல்லிவிட்டார், எல்லோரும் ரோட்டோர டீக்கடைக்கு நகர்ந்தோம். வெயில் அப்படி. கோட்டை தூரத்தில் தெரிந்தது, யாருக்கும் அதைப் பார்க்கிற மனநிலை இல்லை. டீ 12 ரூபாய், வடை 8. கடைக்காரர் பாப்பாவையும் அக்கா மடியில் இருந்த ஃபைலையும் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "கட்-ஆஃப் எவ்வளவு?" என்றார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. 176 என்றதும் கொஞ்சம் யோசித்து, "கவர்மென்ட் ஸ்கூலா? அப்ப ஏழரை பர்சென்ட் இருக்கே?" என்றார்.

அக்காவுக்கு அது ஆறாத புண். ஏழரை சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. பாப்பா பத்தாவது வரை அரசு உதவி பெறும் பள்ளி, பிளஸ் ஒன்னிலிருந்துதான் அரசுப் பள்ளி. அந்த ஒதுக்கீட்டில் வந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாமே அரசாங்கம் கட்டிவிடும். உதவி பெறும் பள்ளியிலும் படிப்பது அதே ஏழைப் பிள்ளைகள்தானே என்று அக்கா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிரசங்கமே செய்தாள். எனக்கும் அந்தக் கோபம் நியாயம் என்றுதான் படுகிறது. கடைக்காரர் ஆமாம் ஆமாம் என்று கேட்டுவிட்டு இன்னொரு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை.

காரைக்குடி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, 1952-இல் ஆரம்பித்தது. வாசலில் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். செம்மண், மரங்கள், பழைய கட்டடங்கள், நடுநடுவே புதுசு. பளபளப்பு ஒன்றும் கிடையாது. லேப் பக்கம் போனபோது ட்ரிபிள் இ மூன்றாம் வருடம் படிக்கிற பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். பாப்பா என்னையும் அக்காவையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர்களிடம் போய்ப் பேசினாள். எனக்கு அது பிடித்திருந்தது, அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எங்களிடமே வந்துவிட்டாள். அக்காவின் பயம் இதுதான்: கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால், அதற்குள் கிடைக்கிற கல்லூரி கைவிட்டுப் போய்விடுமோ? அதனால் நிச்சயம் கிடைக்கிறதை மேலே போட்டுவிடலாம் என்பது அவள் திட்டம். அந்தப் பெண் சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாள். "அப்படி இல்லம்மா. உங்க ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்க லிஸ்ட்டை மேலேருந்து பார்த்துக்கிட்டே வரும். முதல்ல எது காலியா இருக்கோ அதைக் கொடுத்துரும். மேல கிடைக்காததைப் போட்டா அதைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். ஆனா கிடைக்கிறதை மேல போட்டீங்கன்னா அதோட நின்னுரும், கீழ உள்ளதை எட்டிக்கூடப் பார்க்காது." பிடித்த வரிசையில் போடுங்கள், நீளமாகப் போடுங்கள் என்றாள். கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து 'எக்ஸ்பர்ட்' கையால் சாய்ஸ் ஃபில்லிங் செய்கிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அக்கா முழுசாக நம்பவில்லை. ஹாஸ்டலில் தண்ணீர் வருமா என்று கேட்டாள். வரும், கோடையில் கொஞ்சம் கஷ்டம் என்று பதில் வந்தது. மெஸ்? "வீட்டுச் சாப்பாடு மறந்துரும்மா, ஆனா பட்டினி இல்ல."

ராத்திரி ஓர் ஆச்சி நடத்தும் சின்னக் கடையில் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. நாலு பணியாரம் 40 ரூபாய். ஊரில் இட்லிக்குக் கொடுக்கிற விலையை நினைத்து அக்கா முணுமுணுத்தாள், அப்புறம் அவளே இன்னொரு தட்டு கேட்டாள்.

ஜூலை 16, புதன் – காரைக்குடி, மதுரை

காலையில் சிக்ரி பக்கம் போனோம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அங்கேயும் கவுன்சிலிங் வழியாக ஒரு பி.டெக். இருக்கிறது, கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல், பலருக்குத் தெரியாது. பேட்டரி, மின்முலாம், அரிப்பு இதெல்லாம். மின்சார வண்டிக் காலத்தில் இதைப் பார்க்காமல் எல்லோரும் சி.எஸ். பின்னால் ஓடுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடவில்லை, அது ஆய்வகம், சரிதான்.

ஆட்டோக்காரருக்கு எங்களைவிட ஊர்ப் பெருமை அதிகம். நேரு 1948-இல் வந்து இதற்கு அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது, எல்லாம் ஒப்பித்தார். "குடியிருந்த வீட்டையே பொம்பளப் புள்ளைங்க காலேஜுக்குக் கொடுத்த மனுஷன் சார்" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார். அதே கையோடு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சவாரிக்கு 150 ரூபாய் கேட்டார். வள்ளல் பரம்பரை அவரோடு முடிந்துவிட்டது போல.

இங்கே ஒரு தகவல். பட்டியலில் அழகப்பா என்று தேடினால் சென்னை கிண்டி வளாகத்தில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் வரும், காரைக்குடியும் வரும். இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் ஒருவர்தான், ஆனால் கல்லூரி வேறு, கட்-ஆஃப் எங்கேயோ வேறு. கிண்டியில் உள்ளதற்குக் கவுன்சிலிங் எண் 2. எண்ணைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், பெயரைப் பார்த்து அல்ல.

திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. மாட்டுத்தாவணியில் இறங்கியபோது அனல். டவுன் பஸ்ஸில் அக்காவுக்கும் பாப்பாவுக்கும் கட்டணமில்லை, எனக்கு மட்டும் டிக்கெட். கண்டக்டர், "அண்ணே, நீங்க மட்டும்தான் இந்த வண்டியில காசு கொடுக்கிற ஆளு" என்று சத்தமாகச் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நிஜமாகவே திரும்பிப் பார்த்தால் முக்கால்வாசி பெண்கள்.

சாயங்காலம் விளக்குத்தூண் ஜிகர்தண்டா. 50 ரூபாய். அத்தான் அப்போதுதான் போன் செய்தார், யாரோ ஒருவர் கடைக்கு வந்து, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுத்தால் வேலை உறுதி என்று சொன்னாராம். அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். சிமென்ட் டீலர்.

ஜூலை 17, வியாழன் – மதுரை

ஆடி ஒன்று. அக்காவுக்குக் காலையிலேயே சஞ்சலம், ஆடியில் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாதே என்று. பார்க்கத்தானே போகிறோம், ஆரம்பிக்கவில்லையே என்று சமாதானம் சொன்னேன். அலாட்மென்ட் வருவதும் பணம் கட்டுவதும் கூட ஆடிக்குள்தான் என்பதை நான் சொல்லவில்லை.

திருப்பரங்குன்றம் போகிற ரோடு முழுக்கக் கூட்டம். போன திங்கள்கிழமைதான் கோயிலில் குடமுழுக்கு, அந்தக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பஸ் ஊர்ந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாப்பாவின் சுடிதார் வியர்வையில் நனைந்திருந்தது, "இப்படியேவா காலேஜ்ல நுழையிறது" என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அவரும் கேட்டார்: "பாப்பா, கட்-ஆஃப் எம்புட்டு?"

1957-இல் கருமுத்து தியாகராசர் ஆரம்பித்தது, அரசு உதவி பெறும் கல்லூரி. வளாகம் சுத்தம். பிள்ளைகள் வேகமாக நடக்கிறார்கள், அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இங்கே அலுவலகத்தில் ஒருவர் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்களோடு வரிசையில் நின்ற நாலைந்து குடும்பத்துக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இந்த மாதிரி உதவி பெறும் கல்லூரிகளில் சில பாடப்பிரிவுகளுக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று போட்டிருக்கும். சுயநிதி என்று அர்த்தம். ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஆனால் உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், எஸ்.எஸ். பிரிவுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இன்னொரு கட்டணம். பெரிய பெயரைப் பார்த்து அவசரத்தில் எஸ்.எஸ்.ஸைப் போட்டுவிட்டு, அலாட்மென்ட் வந்த பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டாம். தெரிந்தே போட்டால் தப்பில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அப்பா, கையில் இருந்த பிரிண்ட் அவுட்டில் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனார். பாதிப் பக்கம் சிவப்பாகிவிட்டது.

அவருக்கும் எனக்கும் கொஞ்சம் சிநேகமாகிவிட்டது. தேனிப் பக்கம், வாழை விவசாயம். மகன் மெக்கானிக்கல் கேட்கிறானாம், எல்லோரும் வேண்டாம் என்கிறார்களாம். "அவனுக்கு டிராக்டரைப் பிரிச்சு மாட்டத் தெரியும் சார், கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டுத் தூங்கிருவான்" என்றார். பாவம் அந்தப் பையன், அம்மாவின் பின்னால் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆரப்பாளையத்திலிருந்து கோவை பஸ். ஒட்டன்சத்திரத்தில் நிறுத்திய ஹோட்டலில் இரண்டு தோசையும் ஓர் ஆம்லெட்டும் 260 ரூபாய், சாம்பார் தண்ணீர். வழியோர ஹோட்டல்களுக்கும் பஸ்களுக்கும் உள்ள ஒப்பந்தம் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். சிங்காநல்லூரில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, சாரல், குளிர்காற்று. அறைக்கு போனிலேயே சொல்லி வைத்திருந்தும், மூன்று பேர் என்றதும் எக்ஸ்ட்ரா பெட் 400 என்றார்கள். அந்த எக்ஸ்ட்ரா பெட் ஒரு பாய். நான் அதில் படுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி – கோவை

தண்ணீர்! சிறுவாணி என்று எல்லோரும் சொல்வார்கள், ஹோட்டல் குழாய்த் தண்ணீரையே அக்கா மறுபடி மறுபடி குடித்துப் பார்த்தாள். கோவைக்கு அவள் மனசில் பாதி மதிப்பெண் அங்கேயே விழுந்துவிட்டது. மீதிப் பாதி, ஆட்களின் பேச்சுக்கு. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பையன், "உக்காருங்க்கா" என்றான். வழி கேட்டால் கூடவே நாலு எட்டு நடந்து வந்து காட்டுகிறார்கள்.

பீளமேடு பி.எஸ்.ஜி.யை முதலில் பார்த்தோம். அந்தக் குடும்பத்தில் நாலு அண்ணன் தம்பிகள் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு வைத்தார்கள் என்பது கோவையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தொழில்நுட்பக் கல்லூரி 1951. பாப்பாவின் கட்-ஆஃபுக்கு ட்ரிபிள் இ எட்டாது, போன வருடப் பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. அவளே, "உள்ள போக வேணாம் மாமா, ஆசை வந்துரும்" என்றாள். வெளியே பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிட்டோம், 25 ரூபாய்.

தடாகம் ரோடு, அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஜி.சி.டி. 1945-இல் ஆர்தர் ஹோப் என்கிற கவர்னர் பெயரில் தொடங்கியது, முதல் பிரின்சிபால் ஜி.டி. நாயுடு. நாலு வருடப் படிப்பு காலவிரயம், இரண்டு வருடம் போதும் என்று வெள்ளைக்காரனிடம் வாதாடி, ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டவர் அவர். இதை நான் சொன்னதும் பாப்பா, "ரெண்டு வருஷமே போதும்னா இந்த லிஸ்ட் தலைவலியும் பாதிதான் இருந்திருக்கும்" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஊசி ஊசியாக விழும் மழை, குடை விரித்தால் காற்று மடக்குகிறது. ஒரு வராண்டாவில் ஒதுங்கினோம். பக்கத்தில் ஓர் ஆசிரியை வண்டி எடுக்க நின்றவர், யாரென்று விசாரித்துவிட்டு அரைமணி நேரம் எங்களோடு பேசினார். சி.எஸ்.ஸா ட்ரிபிள் இ-யா என்று அக்கா கேட்டாள். எது நல்லது என்று அவர் சொல்லவே இல்லை. பாப்பாவிடம், "பிசிக்ஸ்ல எந்தப் பாடம் புடிக்கும்?" என்றார். அவள் யோசிக்காமல் மாறுதிசை மின்னோட்டம் என்றாள், டிரான்ஸ்ஃபார்மர், ஒத்ததிர்வு என்று அடுக்கினாள், வாயை மூட ஐந்து நிமிடம் ஆனது. அந்த அம்மா அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மழையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பேச்சுக்கு அப்புறம் அக்கா சி.எஸ். பற்றி வாயே திறக்கவில்லை. அத்தான் போன் செய்தபோது, "அவ கேக்குறதப் படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள், மிச்சத்தை நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி – கோவை, தஞ்சாவூர்

இன்றைக்கு நேரே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து பாப்பா நம்பருக்கு விடாமல் அழைக்கிற தனியார் கல்லூரிகளில் ஒன்று, பெயர் வேண்டாம், நாங்கள் கோவையில் இருப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு ஹோட்டல் வாசலுக்கே ஏ.சி. வேன் அனுப்பிவிட்டது. அக்கா, "பார்த்துட்டுத்தான் போவோமே" என்றாள்.

கண்ணாடிக் கட்டடம், நீரூற்று. வாசலில் சந்தனம், ரோஜா, கல்யாண வீடு மாதிரி. இத்தனை நாளில் எங்களை யாரும் 'சார்', 'மேடம்' என்று இவ்வளவு தடவை கூப்பிடவில்லை. ஒரு ஹாலில் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள், எத்தனை லட்சம் சம்பளம், யார் யார் எங்கே வேலை. அந்தப் பெரிய சம்பளம் எத்தனை பேருக்கு, நடுவாந்திரமான பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஃபைல் பார்த்துச் சொல்கிறேன் என்று போன இளைஞர் திரும்பி வரவில்லை. பதிலுக்கு டை கட்டிய வேறொருவர் வந்தார். கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும், இன்றைக்கு 10,000 கட்டினால் சி.எஸ். சீட்டை பிளாக் பண்ணி வைக்கிறோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டால் ஸ்காலர்ஷிப் என்றார். அக்கா ஃபைலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். ஒரிஜினலை எவனிடமும் கொடுக்காதே என்று நான் வழியெல்லாம் சொன்னது வீண் போகவில்லை. சரிபார்க்கக் காட்டலாம், அவர்கள் வைத்துக்கொள்ள விடக் கூடாது.

மதியம் பிரியாணி. அருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சாப்பிட்ட பிறகு பணம் கட்டவில்லை என்று தெரிந்ததும் திரும்பக் கொண்டுவிட வேன் இல்லை என்றார்கள். டிரைவர் லீவாம். மெயின் ரோடு வரை நடந்தோம், அவர்கள் கொடுத்த பரிசுப் பையைத் தலைக்கு மேலே பிடித்தபடி. நல்ல பை, மழைக்குத் தாங்கியது.

கரூர், திருச்சி வழியாக ஊர். பஸ்ஸிலேயே பாப்பா பட்டியலை எழுதி முடித்துவிட்டாள். ஜி.சி.டி. ட்ரிபிள் இ முதலில், அப்புறம் தியாகராசர் ட்ரிபிள் இ, மூன்றாவது காரைக்குடி ட்ரிபிள் இ, நாலாவதாக சிக்ரி, அதற்கப்புறம் சேலம், திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள் என்று நீண்டது. அக்கா மட்டும் குளித்தலைப் பக்கம் தூக்கத்திலிருந்து எழுந்து, "காரைக்குடியை மேல போட்டா என்ன?" என்றாள். பாப்பா அந்த லேப் வாசல் பெண் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அக்கா தலையாட்டினாள்.

ஆகஸ்ட் – தஞ்சாவூர்

எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அத்தானின் திருப்திக்குக் கடைசியில் சில சி.எஸ்.ஸையும் சேர்த்துத்தான் சாய்ஸ் லாக் செய்தாள். டென்டேட்டிவ் அலாட்மென்ட், அதாவது தற்காலிக ஒதுக்கீடு வந்தது: காரைக்குடி, ட்ரிபிள் இ. மேலே இருந்த இரண்டும் தாண்டிப் போய் மூன்றாவதில் நின்றிருக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே இருப்பதற்கும் காத்திருக்கலாம், 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்', அதைக் கொடுத்து உதவி மையத்தில் பணம் கட்டினோம். கிடைத்ததையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கிற வழியும் திரையில் இருக்கிறது, அவசரத்தில் அதை அமுக்கிவிடக் கூடாது என்று பாப்பா இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தொட்டாள். மேலே எதுவும் நகரவில்லை. காரைக்குடி உறுதி. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்ததால் கட்டணத்திலும் சலுகை.

ஆடியில் பணம் கட்டியதற்கு அக்கா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டாள். அத்தான் இன்னும் சி.எஸ். இல்லையே என்றுதான் இருக்கிறார். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம், "பொண்ணுக்கு அழகப்பா காலேஜ்ல கெடச்சிருக்கு" என்று சொல்கிறார். யாராவது, "கிண்டியா?" என்று வாயைப் பிளந்தால், அவர் சில்லறை எண்ணத் தொடங்கிவிடுகிறாராம்.